மருந்தறைப் பதில்கள்: செவ்வாய்க்கிழமை மாத்திரை

நாகர்கோவில் வட்டாரத்து மருத்துவமனைகளில் 32 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகத்தான் இந்தப் பகுதி.

எங்கள் பாட்டாவுக்கு நெய்யூர் ஆஸ்பத்திரியில் வயிற்றுப் புண்ணுக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள். பெரிய தழும்பு இருந்தது. எனக்கும் அதே புண்தான் என்று எண்டோஸ்கோப்பி பார்த்த மருத்துவர், 14 நாள் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தார். ஆறு நாள் ஆகிறது. வலி நின்றுவிட்டது. ஆனால் வாயெல்லாம் கசக்கிறது. மீதியை விட்டுவிடலாமா?
வாசகர், திங்கள்சந்தை

விடாதீர்கள். இன்னும் எட்டு நாள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாட்டாவின் தழும்பை எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் வார்டில் படுத்திருந்த முதியவர்களில் பலருக்கு, மேல்வயிற்றின் நடுவே நேர்கோடாக அது இருக்கும். ‘நெய்யூரில் கீறியது’ என்று ஒருவிதப் பெருமையோடு சொல்வார்கள். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் மலையேறிய ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், லண்டன் மிஷன் நடத்திய நெய்யூர் மருத்துவமனைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தங்கினார். வயிற்றுப் புண்ணுக்கான அறுவை சிகிச்சையில் அவர் பெயர் பெற்றவர். அந்தக் காலத்தில் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), மிளகாய், மனக்கவலை என்று ஆளாளுக்கு ஒன்றைக் குற்றம் சொல்வார்கள். அமிலம் சுரக்கும் பகுதியை வெட்டுவது, வழியை மாற்றித் தைப்பது, இவைதான் சிகிச்சை.

1976இல் சிமெட்டிடின் என்ற மாத்திரை வந்தது. அதைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் பிளாக்குக்குப் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. அமிலம் குறைந்தது, புண் ஆறியது. மாத்திரையை நிறுத்தினால் பலருக்குப் புண் திரும்பி வந்தது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளின் இரைப்பையிலிருந்து வளைந்த உடலுடைய ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பை அமிலத்தில் கிருமி வாழ முடியாது என்று அதுவரை எல்லோரும் நம்பியிருந்தார்கள். மார்ஷல் 1984இல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தாமே குடித்தார். சில நாட்களில் வாந்தியும் இரைப்பை அழற்சியும் வந்தன. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. உங்கள் பாட்டாவின் வயிற்றில் கத்தி வைத்த நோய்க்கு உங்களுக்கு மாத்திரை போதுமானதாக ஆன கதை இதுதான்.

இப்போது உங்கள் கசப்புக்கு வருகிறேன். அட்டையில் கிளாரித்ரோமைசின் அல்லது மெட்ரோனிடசோல் என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டுமே வாயில் உலோகக் கசப்பைத் தரும். அது ஒவ்வாமை இல்லை, மருந்து முடிந்ததும் போய்விடும். உடம்பில் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நாட்களில் மதுவைத் தொடாதீர்கள்.

வலி நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் அமிலம் குறைக்கும் மாத்திரை. கிருமி இன்னும் உள்ளே இருக்கலாம். பாதியில் விட்டால் பிழைத்த கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போகும், அடுத்த முறை அதே மருந்து கேட்காது. கிருமி போனதா என்று பார்க்கும் பரிசோதனையை, ஆன்டிபயாட்டிக் முடிந்து 4 வாரம் கழித்து, அமில மாத்திரையை 2 வாரம் நிறுத்தியபின் செய்ய வேண்டும். இதைப் பலர் செய்வதே இல்லை. நீங்கள் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

என் வீட்டுக்காரர் ஆழ்கடல் படகில் போகிறவர். திரும்ப 35, 40 நாள் ஆகும். இப்போது இன்சுலின் போடச் சொல்லிவிட்டார்கள். படகில் ஐஸுக்குப் பஞ்சமில்லை, மீனோடு புதைத்து வைத்துக்கொள்கிறேன் என்கிறார். சரியா அம்மா?
வாசகி, வள்ளவிளை

ஐஸில் புதைக்கவே கூடாது, தங்கச்சி. இன்சுலின் ஒரு புரதம். உறைந்தால் அதன் உருவம் குலைந்துவிடும். பிறகு உருகினாலும் பழைய நிலைக்கு வராது. பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும், போட்டால் சர்க்கரை ஒழுங்காக இறங்காது. நடுக்கடலில் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்?

திறக்காத குப்பிக்கு 2 முதல் 8 டிகிரிக் குளிர் வேண்டும். திறந்த குப்பி, வெயில் படாமல் 30 டிகிரிக்குள் இருந்தால் ஏறத்தாழ 4 வாரம் தாங்கும். ஆகவே 40 நாள் பயணத்துக்கு ஒரு குப்பி போதாது, அதில் மருந்து மீதம் இருந்தாலும் போதாது. திறந்த தேதியைக் குப்பியில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அகலவாய் ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். அடியில் ஐஸ் துண்டுகள், மேலே நாலாக மடித்த துண்டு, அதற்கும் மேலே தண்ணீர் புகாத பையில் குப்பிகள். குப்பி ஐஸைத் தொடக் கூடாது. காலையும் மாலையும் ஐஸை மாற்ற வேண்டும். எஞ்சின் அறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். வீட்டில் மண்பானையில் வைத்துப் பழகியவர்கள் உண்டு, அது நல்ல முறைதான். ஆனால் கடற்காற்றில் ஈரம் அதிகம், பானை வேண்டிய அளவுக்குக் குளிராது.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும், அது ஊசி. என் கவுண்டருக்கு ஒருமுறை ஒரு பெண் வந்தாள். அப்பாவுக்கு 20 யூனிட் போட்டும் சர்க்கரை இறங்கவில்லை, அளவைக் கூட்டித் தரச் சொல்லி மருத்துவரைப் பார்க்க வந்திருக்கிறாள். பையிலிருந்து ஊசியை எடுக்கச் சொன்னேன். ஆரஞ்சு மூடி. குப்பியைப் பார்த்தேன். 40 என்று அச்சடித்திருந்தது.

நம் நாட்டில் பெரும்பாலான இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி ஊசி. இன்சுலின் பேனாவில் போடும் குழலிலும் சில வகைக் குப்பிகளிலும் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். ஆரஞ்சு மூடி ஊசி 100 யூனிட் குப்பிக்கு உரியது. அந்த ஊசியில் 20 என்ற கோடுவரை 40 யூனிட் மருந்தை உறிஞ்சினால் உள்ளே போவது 8 யூனிட்தான். அந்தப் பெரியவர் ஒரு மாதமாக 20 என்று எண்ணி 8 போட்டுக்கொண்டிருந்தார். மருத்துவர் அதை 30 ஆக்கியிருந்து, அடுத்த முறை கடையில் சரியான சிவப்பு மூடி ஊசி கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது. எதிர்த்திசையில் தவறினால் இன்னும் மோசம். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் 10 கோடுவரை எடுத்தால் 25 யூனிட் உள்ளே போகும்.

கடலுக்குப் போகும்முன் உங்கள் வீட்டுக்காரர் குப்பியையும் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்க்கட்டும். வலை இழுக்கும் நேரத்தில் சாப்பாடு தள்ளிப்போகும் என்பதால், சோறு கையில் வந்தபிறகே ஊசியைப் போட வேண்டும். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ எப்போதும் இருக்க வேண்டும். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால் அதை உடனே கொடுக்க வேண்டும் என்று உடன் வரும் இரண்டு பேரிடமாவது சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

என் அம்மா சர்க்கரைக்கு நித்தியகல்யாணிப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறார். புற்றுநோய் மருந்தே அதிலிருந்துதான் எடுக்கிறார்கள், அப்படியானால் நல்லதுதானே என்கிறார்.
வாசகி, தோவாளை

அம்மா சொன்னதில் பாதி உண்மை. அந்த உண்மைதான் நான் பயப்படுவதற்கும் காரணம்.

ஜமைக்காவில் நித்தியகல்யாணி இலையைச் சர்க்கரை நோய்க்குத் தேநீராகக் குடிப்பது வழக்கம். 1952இல் அங்கிருந்து ஓர் உறையில் சில இலைகள் கனடாவுக்கு வந்தன. ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளுக்கு அதன் சாற்றைக் குடிக்கக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தினார். எலிகள் சில நாட்களில் கிருமித்தொற்றால் செத்தன. பார்த்தால் இரத்தத்தில் வெள்ளையணுக்கள் இறங்கிப்போயிருந்தன, எலும்பு மச்சை நலிந்திருந்தது. மற்றவர் என்றால் இது நஞ்சு என்று தள்ளிவிட்டிருப்பார். நோபிள், வெள்ளையணு பெருகிக் கெடுக்கும் புற்றுநோய்க்கு இது உதவுமே என்று யோசித்தார். சார்ல்ஸ் பியர் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். 1963இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் அனுமதி பெற்றது. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் அது கொடுக்கப்படுகிறது.

டன் கணக்கில் இலையைக் காய்ச்சி, சில கிராம் மருந்தைப் பிரித்து, ஒரு குழந்தைக்கு மில்லிகிராம் அளவில் கணக்கிட்டுக் கொடுக்கிறோம். அதையும் இரத்தக் குழாயில் மட்டுமே செலுத்த வேண்டும். முதுகுத் தண்டில் போடும் வேறொரு ஊசியோடு மாறிவிட்டால் உயிர் போய்விடும். உலகில் பல இடங்களில் அப்படி நடந்திருக்கிறது. அதனால்தான் வின்கிரிஸ்டினைச் சிறு ஊசிக்குழலில் வைக்காமல் சலைன் பையில் கலந்து கொடுங்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. முதுகில் ஊசி போட வரும் கை, பையைத் தவறி எடுக்காது. இவ்வளவு காவல் வைத்திருக்கும் செடியை, அளவே தெரியாமல் அடுப்பில் கொதிக்கவைத்துக் குடிப்பது வேண்டாம். சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து என்ன செய்யும் என்பதும் கணிக்க முடியாதது. எத்தனை நாளாகக் குடிக்கிறார் என்று மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லி, இரத்த அணுக்களையும் பார்த்துவிடுங்கள். வாசலில் செடி நிற்கட்டும், பூசைக்குப் பறிக்கட்டும்.

புதிய மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேர்கிறீர்களா என்று என் கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவரை எலியாக ஆக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.
வாசகி, நாகர்கோவில்

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஒரு பழைய செய்தியைச் சொல்ல வேண்டும். 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் ஒன்று தொடங்கப்பட்டது. நோயாளியைச் சானட்டோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்துச் சத்தான உணவு கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பிய காலம் அது. சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானட்டோரியத்திலும், ஒரு பகுதியினருக்கு அவரவர் நெருக்கடியான வீட்டிலேயும் அதே மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் அதிகம் தொற்றவில்லை. 1959இல் இந்த முடிவு வெளியானபின் உலகமே வீட்டுச் சிகிச்சைக்கு மாறியது. இன்று காசநோய் மாத்திரையை வீட்டிலிருந்து சாப்பிடும் ஒவ்வொருவரும் அந்தச் சென்னை நோயாளிகளுக்குக் கடன்பட்டவர்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படிக்க நேரம் கேளுங்கள். ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கிறது? முதல் கட்டம் என்றால் மனிதர்களில் இப்போதுதான் தொடங்குகிறது, மூன்றாம் கட்டம் என்றால் முன்பே பலர் சாப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். புது மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் வழக்கமான சிகிச்சை உண்டா? தீங்கு நேர்ந்தால் யார் செலவு? 2019 விதிகளின்படி ஆய்வினால் நேரும் பாதிப்புக்கு இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. 2009 ஜூன் 15 முதல் இத்தகைய ஆய்வுகளைத் தொடங்கும் முன்னரே தேசியப் பதிவேட்டில் பதிவு செய்தாக வேண்டும், அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் படிவத்தில் இல்லாவிட்டால் கையெழுத்து வேண்டாம். பாதியில் எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

மாமனாருக்கு விழுங்கக் கஷ்டம். எல்லா மாத்திரையையும் அம்மியில் பொடித்துக் கஞ்சியில் கலந்து கொடுக்கிறேன்.
வாசகி, குழித்துறை

எல்லாவற்றையும் கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் இருந்தால் அது நாள் முழுவதும் சிறிது சிறிதாகக் கரைய வேண்டிய மாத்திரை. பொடித்தால் ஒரு நாள் மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். பேன்டோப்ரசோல் போன்றவை இரைப்பை அமிலத்தில் கெடாமலிருக்க மேலுறை போட்டவை, பொடித்தால் வீண். எல்லா அட்டைகளையும் கடைக்கோ மருத்துவமனைக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். பலவற்றுக்குச் சொட்டு மருந்தோ கரையும் மாத்திரையோ கிடைக்கும்.

பார்ம்.டி. என்ற மருந்தியல் பட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். ஆராய்ச்சி செய்ய ஆசை. ஐதராபாத்துக்கோ பெங்களூருக்கோ போனால்தான் முடியும் என்கிறார்கள். நம் மாவட்டத்தில் வார்டு வார்டாகச் சுற்றி மாத்திரை எண்ணுவதில் என்ன ஆராய்ச்சி இருக்கிறது மேடம்?
மாணவர், தக்கலை

தம்பி, மாத்திரை எண்ணியதால் ஓர் உயிர் மிஞ்சியதைப் பார்த்தவள் எழுதுகிறேன்.

கடற்கரை ஊரிலிருந்து அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா வார்டில் சேர்ந்தார். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. ‘சூடு’ என்று நாலு நாள் இளநீர் கொடுத்திருக்கிறார்கள். இரத்தத்தில் வெள்ளையணுக்களும் தட்டணுக்களும் அடிமட்டத்தில் இருந்தன. டெங்குவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர் மருமகளிடம் வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் கொண்டுவரச் சொன்னேன். ஒரு நகைக்கடைப் பையில் வந்தது. கட்டிலில் கொட்டினேன். இரண்டு அட்டைகள், இரண்டிலும் சின்னஞ்சிறு மஞ்சள் மாத்திரைகள். ஒன்று ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின். மற்றது மூட்டுவாதத்துக்கான மெதோட்ரெக்சேட், வாரத்துக்கு ஒன்று மட்டும் சாப்பிட வேண்டியது. பத்து வாரத்துக்கு வரவேண்டிய அட்டை காலியாக இருந்தது. மருந்து வாங்கி பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. உறையில் யாரோ பழக்கத்தில் ‘1-0-0’ என்று, அதாவது தினமும் காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. காலையில் ஒன்று என்று சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்.

அந்த இரண்டு மஞ்சள் மாத்திரைகளின் பூர்வீகம் ஒன்றுதான். பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழுதான் லெடர்லே என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தது. அதே ஆய்விலிருந்து, ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்துகளும் பிறந்தன. அவற்றில் ஒன்றைக் கொடுத்து, இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சிலகாலம் தேறியதை சிட்னி ஃபார்பர் 1948இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் இறந்துபோனார். மெதோட்ரெக்சேட் அந்த வரிசையில் வந்தது. செல்கள் பெருகுவதைத் தடுப்பது அதன் வேலை. வாரம் ஒருமுறை சிறிய அளவில் கொடுத்தால் மூட்டின் அழற்சி தணியும். தினமும் கொடுத்தால் வேகமாக வளரும் வாய்த்தோலும் எலும்பு மச்சையும் முதலில் விழும். மாபெரும் அறிவாளிகள் பல ஆண்டு உழைத்துக் கொடுத்த மருந்து, உறையில் எழுதிய மூன்று எண்களில் நஞ்சாகிவிட்டது.

மருத்துவரிடம் ஓடினேன். மாற்று மருந்தான ஃபோலினிக் அமில ஊசி அன்று மாலையே தொடங்கியது. பன்னிரண்டு நாள் கழித்து அந்த அம்மா கஞ்சி குடித்தார்.

அதன்பிறகு எங்கள் மருந்தறையில் சில வழக்கங்களை மாற்றினோம். மெதோட்ரெக்சேட்டுக்குத் தனி உறை, அதில் கிழமையின் பெயர், ஒரு முறைக்கு நான்கு வாரத்துக்கு மேல் கொடுப்பதில்லை. எந்தக் கிழமை என்று நோயாளி தம் வாயால் திருப்பிச் சொன்னபிறகே உறை கைமாறும். மூட்டுவலிப் பிரிவு செவ்வாய்க்கிழமை நடக்கும் என்பதால் எல்லோருக்கும் செவ்வாய் என்று வைத்தோம். இதையெல்லாம் யார் ஆராய்ச்சி என்று சொல்வார்கள் என்று நீ கேட்கலாம். நான் சொல்வேன். எந்த உறை நோயாளிக்குப் புரிகிறது, எங்கே தவறுகிறது, எதை மாற்றினால் தவறு குறைகிறது என்று எழுதிவைத்து எண்ணிப் பார்ப்பதற்கு உன் வார்டைவிட நல்ல ஆய்வகம் கிடையாது. ரப்பர் பால் வெட்டுகிறவர் எலிக்காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறார்? வெறும் மிடறு தண்ணீரில் விழுங்கிவிட்டு உடனே படுத்து, உணவுக்குழாயைப் புண்ணாக்கிக்கொள்கிறாரா? குலசேகரத்தில் நின்று நீ கேட்டால்தான் இதற்கு விடை கிடைக்கும்.

இன்னொன்று. மருந்தினால் வந்தது என்று சந்தேகப்படும் ஒவ்வொரு பக்கவிளைவையும் படிவத்தில் எழுது. 2010இல் தொடங்கிய தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அது போகும். 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளிகளே சொல்லலாம். ஆய்வில் சில ஆயிரம் பேர் சாப்பிட்டபோது கண்ணில் படாதது, பல லட்சம் பேர் சாப்பிடும்போதுதான் தெரியவரும். அதை முதலில் பார்ப்பது வார்டில் நிற்கும் நீதான்.

அந்த அம்மா மறுமாதம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தார். கையில் தினசரி நாள்காட்டியைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். மருமகள் அட்டையைத் துண்டு துண்டாகக் கத்தரித்து, நான்கு செவ்வாய்க்கிழமைத் தாள்களில் மட்டும் ஒவ்வொரு மாத்திரையாகக் குண்டூசியால் குத்திவைத்திருந்தாள். காலாவதித் தேதி போய்விடும், அட்டையை வெட்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்கிறவள் நான். அன்று சொல்லவில்லை. மீதி மூன்று மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, நாள்காட்டியைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தேன்.